மலைக்காற்றில் கட்டிங் மெஷின்: தாள் கிழிந்தால், வினைல் உரிந்தால், வெட்டு விலகினால்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டிலிருந்தே சாக்லேட் பெட்டி, தைலப் பாட்டிலுக்கு லேபிள், பிறந்தநாள் தோரணம், திருமண அட்டை செய்கிறவர்கள் பலரிடம் இன்று, கணினியில் வரைந்த உருவத்தைத் தாளிலும் வினைலிலும் (ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) பிளேடால் வெட்டித் தரும் ஒரு சிறிய கட்டிங் மெஷின் இருக்கிறது. மகளிர் குழுக்கள் சிலவும் சேர்ந்து வாங்கி வைத்திருக்கின்றன. அது மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். "அக்கா, பிளேடு போய்விட்டது" என்பதுதான் பெரும்பாலும் முதல் வார்த்தை. போய்ப் பார்த்தால் பிளேடு நன்றாகவே இருக்கும். தாள் ஈரம் குடித்திருக்கும், அல்லது அந்த வேலைக்குப் பொருந்தாத தாளாக இருக்கும், அல்லது வெட்டும்போது தாளைப் பிடித்துக்கொள்ளும் பசைத்தகடான மேட்டின் பசை போயிருக்கும். அதற்குள் புது பிளேடும் புது மேட்டும் ஆர்டர் செய்துவிட்டு, அவை மலையேறி வரும்வரை வேலையை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

சமவெளிக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் பிளேடிலிருந்து தொடங்குகின்றன. இங்கே தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, காசு பிடிக்கும் சோதனை கடைசியில். அந்த வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

## எதையும் வாங்குவதற்கு முன்: ஒரு சிறு வெட்டு

அரை அங்குலச் சதுரம் ஒன்றை வரைந்து அதற்குள் ஒரு சிறு முக்கோணத்தை வையுங்கள். நீங்கள் வெட்டப்போகும் தாளின் மூலையில் அதை வெட்டிப் பாருங்கள். அடுத்து, அதே வகைத் தாளைப் பிரிக்காத கட்டிலிருந்து எடுத்து உடனே வெட்டுங்கள்.

- புதுத் தாளில் சுத்தமாக வந்து பழைய தாளில் கிழிந்தால், காரணம் தாள். மெஷினைத் தொட வேண்டாம்.
- இரண்டிலும் கிழிந்தால் பிளேடு, அமைப்பு, மேட் பக்கம் போகலாம்.
- இரண்டிலும் சுத்தமாக வந்து, உங்கள் டிசைன் மட்டும் கிழிந்தால், அந்த வேலைப்பாடு அந்தத் தாள் தாங்காத அளவுக்கு நுணுக்கமாக இருக்கிறது. டிசைனைப் பெரிதாக்குங்கள், அல்லது தாளை மாற்றுங்கள்.

## அறிகுறி 1: மூலைகளில் கிழிகிறது, விளிம்பில் பிசிறு தட்டுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதுதான். சாக்லேட் பெட்டியின் மேல்மூடியில் பூவேலைப்பாடு வெட்டும்போது இதழ்களின் கூர்முனைகள் மடங்கி எழும்பும். நேர்க்கோடுகள் சுத்தமாக இருக்கும், வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் தாள் கசங்கும்.

### தாள் ஈரமாக இருக்கிறதா?

உதகைக்கு மேற்கேயும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். எந்தப் பக்கமானாலும், மூடுபனி இறங்கிய நாளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். அச்சகங்கள் தாளுக்கு உகந்தது என்று கொள்ளும் அளவு 45 முதல் 55 சதவீதம். மேசையில் திறந்து கிடந்த தாள் ஓர் இரவிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சோதனை எளிது. 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளை ஒரு மூலையில் பிடித்து உதறுங்கள். உலர்ந்த தாள் விறைப்பாகச் சடசடக்கும், ஈரத்தாளின் ஒலி மந்தமாக இருக்கும். தாள்கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுப்பகுதி படிந்து ஓரங்கள் மட்டும் அலையலையாக எழும்பியிருந்தால் ஓரம் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். கிழிந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். நல்ல வெட்டில் இழைகள் ஒரே கோட்டில் நறுக்கென்று முடிந்திருக்கும். ஈரத்தாளில் பிளேடு இழைகளை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போயிருக்கும். நீண்ட வெள்ளை இழைகள் பிளேடு போன திசையில் சாய்ந்து கிடக்கும்.

சரிசெய்ய:

- அவசரமென்றால், இரண்டு சாதாரண வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, நீராவி இல்லாமல், மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு ஆறும்வரை ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். ஆறியதும் உடனே வெட்டுங்கள்.
- அவசரமில்லை என்றால், துணி பூசணம் பிடிக்காமலிருக்க நம் வீடுகளில் பீரோவுக்குள் குண்டு பல்பு எரிய விடுவது போலவே தாளுக்கும் செய்யலாம். பல்புக்கும் தாளுக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருக்கட்டும். ஆளில்லாத வீட்டில் எரிய விடாதீர்கள்.
- நிரந்தரத் தீர்வு, இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்தது என்று தெரியும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அவற்றைச் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்காதீர்கள். சாக்லேட் செய்யும் வீட்டில் அந்த வகையே வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வேலை அறையில் மாட்டி வையுங்கள். நான் யாருக்கும் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான். 70 சதவீதத்துக்கு மேல் காட்டும் நாளில் நுணுக்கமான வெட்டைத் தள்ளிவைத்து, வெறும் பெட்டி உருவங்களை மட்டும் வெட்டுங்கள்.

### பிளேடு கூட்டில் துணுக்கு சிக்கியிருக்கிறதா?

மெஷினை நிறுத்திவிட்டு, பிளேடைத் தாங்கும் சிறு உருளையான பிளேடு கூட்டை வெளியே எடுங்கள். மேலே உள்ள குமிழை அழுத்தினால் பிளேடு முனை வெளியே வரும் வகையாக இருந்தால், அழுத்திப் பிடித்தபடி வாயால் ஊதுங்கள். பெரும்பாலும் ஒரு நூலிழை அளவே உள்ள தாள் துணுக்கு முனையைச் சுற்றிக்கொண்டிருக்கும். வளைவில் பிளேடு தன் அச்சில் திரும்ப வேண்டும். அந்தத் துணுக்கு இருந்தால் திரும்பாது, நேர்க்கோட்டில் மட்டும் நன்றாக வெட்டும். வளைவுகளில் மட்டும் கிழிகிறது என்றால் முதல் சந்தேகம் ஈரம், இரண்டாவது சந்தேகம் இந்தத் துணுக்கு.

அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி அதில் பிளேடு முனையைப் பலமுறை குத்தி எடுக்கும் வழக்கம் உண்டு. ஒட்டியிருக்கும் பசையையும் தூசியையும் அது நீக்கும். கூர் போன பிளேடை அது கூராக்காது, அதை நம்பி மழுங்கிய பிளேடையே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

### வேகமும் அழுத்தமும்

நுணுக்கமான வேலைக்கு வேகத்தைக் குறையுங்கள். அழுத்தத்தைக் கூட்டி ஒரே தடவையில் வெட்டுவதைவிட, அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து இரண்டு தடவை ஓட்டுவது தாளுக்கு நல்லது. 'இன்ட்ரிகேட்' என்ற பெயரில் தனி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

### தாளின் தரம்

கடையில் 'கார்டு' என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஐவரி கார்டு சீரான இழை கொண்டது, நுணுக்க வெட்டுக்கு முதல் தேர்வு. 200 முதல் 250 ஜிஎஸ்எம் போதும். ஆர்ட் கார்டின் மேற்பூச்சு பளபளப்பாக அச்சுக்கு உதவும், ஆனால் மடிப்பில் வெடிக்கும். டூப்ளெக்ஸ் போர்டு, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சாம்பலுமாக இருப்பது, மறுசுழற்சிக் கூழில் செய்தது. அதன் இழைகள் குட்டையானவை, பிளேடை விரைவில் மழுக்கும், நுணுக்கமாக வெட்ட வராது. விலை குறைவு என்பதற்காகப் பூவேலைப்பாட்டுக்கு அதை வாங்காதீர்கள், வெளிப்பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப்ட் தாள் பலமானது, மலையின் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். பெட்டிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். மினுமினுப்புத் தாளைப் பின்புறம் மேலே இருக்குமாறு வைத்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்டினால் பிளேடு ஆயுள் கூடும்.

### பிளேடு மழுங்கியிருந்தால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் புதுத் தாளிலும் கிழிகிறது என்றால் பிளேடை மாற்றுங்கள். சாதாரணத் தாளுக்கும் வினைலுக்கும் 45 பாகைப் பிளேடு. கனத்த அட்டைக்கும் ஃபோம் தாளுக்கும் 60 பாகைப் பிளேடு. தாளுக்கு ஒன்று, வினைலுக்கு ஒன்று என்று இரண்டு 45 பாகைப் பிளேடுகளைத் தனியாக வைத்துக்கொண்டால் இரண்டும் நீண்ட நாள் உழைக்கும். தாள் பிளேடை மழுக்கும் அளவுக்கு வினைல் மழுக்குவதில்லை.

வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாற்றுப் பிளேடு வாங்கி வைத்துவிடுங்கள்.

யாரை எப்போது அழைக்க: புதுப் பிளேடு, உலர்ந்த ஐவரி கார்டு, குறைந்த வேகம், இவை மூன்றும் இருந்தும் வளைவில் கிழிந்தால், பிளேடு கூட்டின் உள்ளே இருக்கும் பேரிங் போயிருக்கலாம். கூட்டை மாற்ற வேண்டும். மாற்றியும் நிற்கவில்லை என்றால் பிளேடைத் தாங்கி நகரும் வண்டியில் ஆட்டம் இருக்கும். அது தயாரிப்பாளரின் சர்வீஸ் வேலை.

## அறிகுறி 2: முழுவதும் அறுபடவில்லை, அல்லது மேட்டையே அறுக்கிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரு முனைகள்.

அறுபடவில்லை என்றால் முதலில் பிளேடு கூடு அதன் பிடிக்குள் முழுவதும் இறங்கியிருக்கிறதா, பூட்டு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு மாற்றிய அன்றே இந்தக் கோளாறு வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அடுத்து மென்பொருளில் தேர்ந்தெடுத்த பொருளின் பெயரும் உங்கள் கையில் உள்ள தாளும் ஒன்றா என்று பாருங்கள். வெளிநாட்டு மெஷின்களின் பட்டியலில் தாளின் கனம் பவுண்டில் இருக்கும். அங்கே 65 பவுண்டு கார்டு என்பது இங்கே ஏறக்குறைய 176 ஜிஎஸ்எம், 80 பவுண்டு என்பது 216 ஜிஎஸ்எம். 300 ஜிஎஸ்எம் அட்டையை வைத்துக்கொண்டு 65 பவுண்டைத் தேர்ந்தெடுத்தால் பாதிதான் அறுபடும்.

மேட்டில் ஆழமான கோடு விழுந்தால் அழுத்தத்தை ஒரு படி குறையுங்கள். சில்லவெட் நிறுவனத்தின் கேமியோ வகை மெஷின்களில் பிளேடு ஆழத்தை எண் வைத்து அமைக்கலாம். தாளை வெட்டி மேட்டில் மெல்லிய தடம் மட்டும் தெரிவதே சரியான ஆழம்.

கனத்த பொருளில் எல்லை உண்டு. கிரிக்கட் நிறுவனத்தின் மேக்கர் மாடலில் அதற்கான தனிக் கத்தியைப் பொருத்தினால் 2.4 மில்லிமீட்டர் வரை வெட்டும், அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோர் வகை அந்தக் கத்தியை ஏற்காது. பைண்டிங் அட்டை, மெல்லிய மரப்பலகை என்று ஆசைப்பட்டு எக்ஸ்ப்ளோரில் திணித்தால் மோட்டார்தான் பாதிக்கப்படும். அந்த வேலையைக் கோயம்புத்தூரில் லேசர் வெட்டு செய்து தரும் கடையில் கொடுத்துவிடுவது மலிவு. வினைலை மட்டும் லேசருக்குக் கொடுக்காதீர்கள். அது பிவிசி, எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். ஆளுக்கும் ஆகாது, இயந்திரத்துக்கும் ஆகாது.

## அறிகுறி 3: தாள் மேட்டில் நிற்கவில்லை

வெட்டும்போது தாள் ஒரு மூலையில் எழும்பி பிளேடில் சிக்குகிறது.

முதலில் மேட்டைக் கையால் தொடுங்கள். பசை இருக்கிறது ஆனால் தாள் தூசி படிந்திருக்கிறது என்றால், வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைக்காதீர்கள், துணியின் நூல் ஒட்டிக்கொள்ளும். செங்குத்தாக நிறுத்தி உலரவிடுங்கள்.

இங்கேதான் மலை குறுக்கே வரும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் உலரும் மேட், மூடுபனி நாளில் மறுநாள் காலையிலும் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு தாளை வைத்தால் தாளின் அடிப்பக்கம் ஈரம் குடித்து, எடுக்கும்போது இரண்டு அடுக்காகப் பிரிந்து வரும். மேட் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள், உலராததுதான் காரணம். மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், மேட் வளைந்துவிடும். மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரண்டு மேட் வைத்துக்கொள்வது இந்த ஊரில் ஆடம்பரம் அல்ல.

கழுவி உலர்த்தியும் பிடிக்கவில்லை என்றால் ஓரங்களில் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் போட்டுச் சில வாரம் ஓட்டலாம். அதன்பிறகு புது மேட்தான்.

நிறம் பார்த்து வாங்குங்கள். கிரிக்கட் மேட்களில் நீலம் மெல்லிய தாளுக்கு, பச்சை கார்டுக்கும் வினைலுக்கும், ஊதா கனத்த அட்டைக்கு, இளஞ்சிவப்பு துணிக்கு. மெல்லிய தாளைப் பச்சை மேட்டில் வைத்தால் எடுக்கும்போது கிழியும். அப்படி மாட்டிக்கொண்டால் தாளை மேட்டிலிருந்து உரிக்காதீர்கள். மேட்டைக் கவிழ்த்து, தாள் மேசையில் படிந்திருக்க, மேட்டை வளைத்து உரியுங்கள். தாள் சுருளாது.

## அறிகுறி 4: கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை

வட்டம் மூடவில்லை, பெட்டி கோணலாக இருக்கிறது. மேட் ஓடும்போது நழுவுகிறது என்பதுதான் இதன் பொருள்.

மேட் இருபக்க வழிகாட்டிகளுக்கு அடியில் நுழைந்திருக்கிறதா? மெஷினுக்கு முன்னாலும் பின்னாலும் ஓரடி காலி இடம் இருக்கிறதா? சுவரோடு ஒட்டி வைத்த மெஷினில் மேட் பின்னால் போய் சுவரில் இடித்து நழுவும். சிறிய வீடுகளில் இதுவே முதல் காரணம். கேமியோ வகையில் வலப்பக்க ரோலரை மேட்டின் அகலத்துக்குரிய இடத்துக்கு நகர்த்திப் பூட்டியிருக்கிறோமா என்று பாருங்கள். ரோலரில் பசையோ தாள் தூளோ ஒட்டியிருந்தால், மின் இணைப்பை எடுத்துவிட்டு ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு வெட்டிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால், பெல்ட் அல்லது மோட்டார் சம்பந்தப்பட்டது. நீங்கள் திறக்க வேண்டாம்.

## அறிகுறி 5: பெட்டி மடிப்பில் வெடிக்கிறது

வெட்டு அழகாக வந்திருக்கும், மடித்ததும் மேற்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மே மாதத்தில் உதகை மலர்க் கண்காட்சிக்கும் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கும் வரும் கூட்டத்தை எதிர்பார்த்து அவசரமாகப் பெட்டி செய்யும்போது இந்தக் கோளாறு கட்டுக்கட்டாகத் தாளை வீணாக்கும்.

முதல் காரணம் தாளின் இழை ஓடும் திசை. தாளை நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே இழையின் போக்கு. பெட்டியின் நீண்ட மடிப்புகள் அந்தப் போக்கில் அமையுமாறு டிசைனை மேட்டில் திருப்பி வையுங்கள். காசில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பெட்டிகள் பிழைக்கும்.

இரண்டாவது காரணம் மடிப்புக் கோடு. பிளேடால் அரைகுறையாக வெட்டி மடிப்பது ஈரமான மாதங்களில் சமாளிக்கும், தை மாசியில் வெடிக்கும். அப்போது இதே மலையில் காற்று வறண்டு தாள் முறுகிவிடுகிறது. மடிப்புக் கோடு போடும் மழுங்கிய முனைக் கோல் எக்ஸ்ப்ளோர் வகைக்கும் உண்டு, மேக்கருக்குச் சக்கர முனையும் உண்டு. அதை வாங்குங்கள், அல்லது மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவையும் இரும்பு ஸ்கேலையும் வைத்துக் கையால் கோடு போடுங்கள்.

மூன்றாவது காரணம் ஆர்ட் கார்டு. மாற்றுங்கள்.

பெட்டியில் ஜன்னல் வெட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை இருக்கிறது, நீலகிரியில் கட்டுப்பாடு அதற்கும் முன்பே வந்தது. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டாமல், வேலைப்பாட்டை மட்டும் வெட்டி உள்ளே பட்டர் பேப்பர் வையுங்கள். சாக்லேட் அச்சுமை மீதோ பசை மீதோ படாமலிருக்கவும் அது உதவும்.

யாரிடம் போக: ஒரே அளவுப் பெட்டி பல நூறு வேண்டும் என்றால் வீட்டு மெஷினை வதைக்காதீர்கள். அச்சகத்தில் ஒருமுறை டை (பெட்டி உருவில் செய்த வெட்டும் அச்சு) செய்து கொடுத்தால் வெட்டும் மடிப்பும் ஒரே அடியில் விழும். முதல் மாதிரியை வீட்டில் வெட்டி அளவு சரிபார்த்துக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 6: வினைலில் எழுத்து நிற்கவில்லை

### உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வருகிறது

வினைலை மட்டும் வெட்டி, அடித்தாளை விட்டுவைக்க வேண்டும். வேண்டாத பகுதியை உரிக்கும்போது எழுத்து கூடவே வந்தால், வெட்டு முழுமையாகவில்லை அல்லது அடித்தாள் நனைந்திருக்கிறது. அடித்தாள் ஈரம் குடித்து உப்பினால் வினைல் அதிலிருந்து விட்டு, குழாய் குழாயாக எழும்பும். ரோலின் முதல் சுற்றில் அப்படி மேடு தெரிந்தால் அந்தச் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு உள்சுற்றைப் பயன்படுத்துங்கள். ரோலை எப்போதும் பாலிதீன் உறைக்குள் நிறுத்தி வையுங்கள்.

கால் அங்குலத்துக்கும் சிறிய தமிழ் எழுத்துகளை வினைலில் வெட்டுவது வீண் வேலை. 'ணை', 'ஞ', 'ஔ' போன்றவற்றின் உட்சுழிகள் அடித்தாளில் நிற்காது. தடித்த, சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடச் சிறியதாக வேண்டுமென்றால் அச்சிட்ட ஸ்டிக்கர்தான் சரி.

### பாட்டிலில் ஒட்டவில்லை, ஓரம் எழும்புகிறது

முதலில் வெப்பநிலை. நிரந்தர வினைலாகப் பரவலாக விற்கும் ஓராகல் 651 ஒட்டப்படும் பரப்பு 8 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். மார்கழியில் உறைபனி விழும் உதகைக் காலையில், வராந்தாவில் கிடந்த பாட்டில் அதற்கும் கீழே இருக்கும். குளிர்ந்த பாட்டிலைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் வேறு படியும். பாட்டில்களை முதல் நாள் இரவே அறைக்குள் வைத்துவிடுங்கள். ஒட்டும் முன் ஹேர் டிரையரால் பாட்டிலை மிதமாகச் சூடாக்குங்கள்.

அடுத்தது எண்ணெய். யூகலிப்டஸ் தைலம் நிரப்பிய பாட்டிலின் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல் வழுக்கும். அந்தத் தைலம் பசையைக் கரைக்கும். ஒட்டுக்கறை நீக்கவே அதைப் பயன்படுத்துகிறோம், அதன் மேலேயே லேபிளை ஒட்டினால் எப்படி நிற்கும்? காலிப் பாட்டிலில் லேபிளை ஒட்டிவிட்டுத்தான் தைலம் நிரப்ப வேண்டும். நிரப்பிய பாட்டிலாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் ஆவியாகும்வரை காத்திருங்கள். லேபிளை மூடியிலிருந்து தள்ளி, பாட்டிலின் நடுவில் ஒட்டுங்கள். ஊற்றும்போது வழியும் சொட்டு முதலில் தொடுவது மேல் ஓரத்தைத்தான்.

மூன்றாவதாக வினைல் வகை. ஓராகல் 631 உரித்தெடுக்கக்கூடியது, சுவர் அலங்காரத்துக்கானது. அதைப் பாட்டிலில் ஒட்டிவிட்டுப் பசை சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை. பாட்டிலுக்கும் கோப்பைக்கும் 651. ஒட்டியபின் மூன்று நாள் கழுவாதீர்கள்.

கடைசியாக டிரான்ஸ்ஃபர் டேப், அதாவது வெட்டிய எழுத்தை அடித்தாளிலிருந்து தூக்கிப் பாட்டிலுக்கு மாற்றும் டேப். பிடி அதிகமான டேப் சாதாரண வினைலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வரும், மினுமினுப்பு வினைலுக்கு மட்டும் அது போதும். டேப்பை நேராகத் தூக்காமல், தன்மீதே மடித்து, பாட்டிலோடு படிந்த கோணத்தில் மெல்ல இழுங்கள்.

### துணியில் ஒட்டிய வினைல் துவைத்ததும் பிரிகிறது

இது சூட்டில் ஒட்டும் தனி வகை வினைல். வெட்டும்போது பளபளப்பான பக்கம் கீழே, டிசைன் கண்ணாடிப் பிம்பமாக. இது தவறினால் வெட்டியதே வீண். பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு குறைவு. பல வகைகளுக்கு 150 பாகை அளவில் 10 முதல் 15 விநாடி வேண்டும், உறையில் எழுதியிருப்பதே இறுதி. மலையில் பருத்தித் துணி எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். ஒட்டும் முன் வெறும் துணியை ஒருமுறை அழுத்திச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிடுங்கள். நீராவியை நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி 7: அச்சிட்டு வெட்டும்போது படம் ஓரிடம், வெட்டு வேறிடம்

மெஷினின் கண் அச்சிட்ட அடையாளக் குறிகளைத் தேடிப் படித்துவிட்டு வெட்டும். படிக்கவே முடியவில்லை என்றால், மூடுபனி விலகியதும் ஜன்னல் வழியே விழும் கூரிய வெயிலைத் திரைபோட்டு மறையுங்கள். பளபளப்பான தாளில் குறிகளின் மேல் மங்கலான ஒளிபுகும் டேப்பை ஒட்டினால் பிரதிபலிப்பு நின்று படித்துவிடும். அச்சிடும்போது 'பக்கத்துக்கு ஏற்ப அளவு மாற்று' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள்.

படிக்கிறது, ஆனால் விலகுகிறது என்றால் மென்பொருளில் உள்ள அளவீட்டுச் சரிசெய்தலை ஒருமுறை செய்யுங்கள். சில நாள் சரியாகவும் சில நாள் விலகியும் வந்தால் மறுபடி ஈரம்தான். இங்க்ஜெட்டில் அச்சிட்ட தாள் மை ஈரத்தில் நீண்டு, காயக்காயச் சுருங்கும். அச்சிட்டு முழுவதும் காயவிட்டு வெட்டுங்கள்.

## அறிகுறி 8: வேலை பாதியில் நிற்கிறது, சத்தம் மாறுகிறது

கணினி தூங்கப் போயிருக்கலாம், அந்த அமைப்பை அணையுங்கள். புளூடூத்தில் நின்றால் யுஎஸ்பி கேபிளில் ஓட்டிப் பாருங்கள், நடுவில் பிரிப்பான் (யுஎஸ்பி ஹப்) இல்லாமல். மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீட்டில் கணினிக்கு வைக்கும் யுபிஎஸ்ஸிலேயே மெஷினையும் செருகுங்கள். வெட்டு நடுவில் கரண்ட் போனால் மேட்டை வெளியே எடுக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். மெஷின் தன் தொடக்க இடத்தை மறந்துவிடுவதால் அதே தாளில் தொடர்ந்தாலும் கோடு பொருந்துவது அரிது. புதுத் தாள் வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.

சத்தத்துக்கு: கரகரவென்று அரைத்தால் உடனே நிறுத்தி, வண்டி ஓடும் தண்டில் தாள் துண்டு சிக்கியிருக்கிறதா பாருங்கள். மெஷினை நிறுத்திய நிலையில் வண்டியை விரலால் இடவலமாக மெல்ல நகர்த்துங்கள். தங்குதடையின்றி ஓட வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை நீங்களாக விடாதீர்கள். அது தாள் தூளோடு சேர்ந்து கட்டியாகி நிலைமையை மோசமாக்கும். கையேடு கிரீஸ் போடச் சொன்னால் அதே கிரீஸ், அதே இடம்.

இதற்குமேல் தொடக்கூடாத இடங்கள்: அடாப்டர் தொட முடியாத அளவு சூடாவது, பிளாஸ்டிக் கருகும் வாடை, விளக்கு எரிந்தும் வண்டி நகராமலிருப்பது, ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டே இருப்பது. அடாப்டரை உள்ளூர்க் கணினிக் கடையில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். வெளியே எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தாத மாற்று அடாப்டரைப் போட அனுமதிக்காதீர்கள். மற்ற மூன்றுக்கும் உத்தரவாதக் காலம் இருந்தால் ஸ்குரூவையே தொடாமல் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். மெஷின் ஓடும்போது எடுத்த சிறு வீடியோ, பில், வரிசை எண் மூன்றையும் முதல் கடிதத்திலேயே அனுப்பினால் ஒரு சுற்றுக் கேள்வி மிச்சம். உத்தரவாதம் முடிந்த மெஷினைக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் முன் பழுதுக்கூலியைக் கேட்டு வாங்குங்கள். புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டாம். அனுப்பும்போது பிளேடைக் கழற்றிவிட்டு, வண்டி நகராதபடி மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கட்டுங்கள்.